லஃப்ராய்க் பிடிக்காதவர் அடுத்து எந்த சிங்கிள் மால்ட்டை வாங்குவது?

கேட்டவர் எழுதியிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பல வருடமாக ஜானி வாக்கர் ப்ளாக் லேபிள் (பல ஆலைகளின் விஸ்கிகளைக் கலந்து செய்யும் ஸ்காட்ச்) குடிப்பவர். சிங்கிள் மால்ட்தான் உசத்தி என்று நண்பர்கள் சொல்லச் சொல்ல, விமான நிலையக் கடையில் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் செய்யும் லஃப்ராய்க் 10 (பெயரோடு வரும் எண் விஸ்கியின் வயது) ஒன்றை வாங்கிவிட்டார். முதல் வாயிலேயே டெட்டாலும் டிஞ்சரும் கலந்த வாடை. பாட்டிலில் முக்கால்வாசி இன்னும் அப்படியே இருக்கிறது. "எனக்கு சிங்கிள் மால்ட்டே ஒத்துவராதா? இல்லையென்றால் அடுத்து எதை வாங்குவது?" என்று கேட்கிறார். பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே, உள்ளே இருப்பது தன் நாக்குக்கு ஒத்துவருமா என்று எப்படிக் கணிப்பது? அவர் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். எடின்பரோவில் விஸ்கி மட்டுமே விற்கும் கடையொன்றில் பல வருடம் கவுண்டரில் நின்றவன் நான். இந்தக் கேள்வி அங்கே வெவ்வேறு வேஷத்தில் தினமும் வரும்.

சிங்கிள் மால்ட் என்ற பெயர் சுவையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி, அது ஒரே டிஸ்டில்லரியில் (விஸ்கி வடிக்கும் ஆலை), முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்புக் கலங்களில் தவணை தவணையாக வடித்தெடுத்ததாக இருக்க வேண்டும். குறைந்தது 3 வருடம் ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அவ்வளவுதான். இந்த வரையறைக்குள் தேன் மாதிரி இழைவதும் உண்டு, தொண்டையைப் பிடித்து உலுக்குவதும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட டிஸ்டில்லரிகள் இருக்கும் நாட்டில், இருப்பதிலேயே முரட்டுத்தனமான சிலவற்றில் ஒன்றை நீங்கள் முதலில் எடுத்துவிட்டீர்கள். அதை வைத்து மொத்தக் கூட்டத்தையும் தள்ளிவிட வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது. ப்ளாக் லேபிளில் புகை உண்டு. அதில் கலக்கும் மால்ட்டுகளில் ஐலா தீவின் கல் ஈலா முக்கியமான ஒன்று. வருடக்கணக்கில் அதை விரும்பிக் குடிக்கிறவர் புகையை வெறுப்பவராக இருக்க முடியாது. உங்களுக்குப் பிடிக்காமல் போனது ஒரு குறிப்பிட்ட வகைப் புகை, அதுவும் அதன் அளவு. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புகை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முளைத்த பார்லியை உலர்த்தும்போது பீட்டை எரிப்பார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடமாகப் பாசியும் செடிகொடிகளும் மக்கிப் படிந்த மண். அதை வெட்டிக் காயவைத்தால் எரியும். அந்தப் புகையிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் பார்லியின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் குவையகால் நமக்குப் பழக்கமான விறகுப் புகையின் வாசனையைத் தருவது. க்ரெசால்கள் ஆஸ்பத்திரி வாடைக்குக் காரணமானவை. லஃப்ராய்க்கில் இன்னொன்றும் நடக்கிறது. வடிக்கும்போது முதலில் வரும் பகுதியை மற்ற இடங்களைவிட அதிக நேரம் ஒதுக்கிவிடுகிறார்கள். பழ வாசனை தரும் எஸ்டர்கள் முன்னால் வருபவை, ஃபீனால்கள் பின்னால் வருபவை. முன்பகுதி கழிந்துபோவதால் இனிப்பு குறைந்து மருந்து வாடை துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆக, உங்கள் மூக்கில் கோளாறு எதுவும் இல்லை. அங்கே வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், அதற்காகவே உயிரை விடுகிற கூட்டமும் இருக்கிறது.

கடைகளில் பிபிஎம் என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்ற கணக்கு அது. ஆர்ட்பெக் 50க்கு மேல், லஃப்ராய்க் 40க்கு மேல், பௌமோர் 25 சுற்றுவட்டம் என்று போகும். இந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது உலர்த்திய பார்லியில் அளந்தது, உங்கள் கிளாஸில் இருப்பதில் அல்ல. வடிப்பிலும் பீப்பாயிலும் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது, எவ்வளவு போகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். கல் ஈலாவும் லாகவூலினும் ஒரே நிறுவனத்துடையவை, ஒரே தீவில் இருப்பவை. ஏறக்குறைய ஒரே அளவு புகையேற்றிய பார்லிதான் இரண்டுக்கும். ஆனால் லாகவூலின் கனமாக, இனிப்பான கரிப்புகையாக இருக்கும். கல் ஈலா எலுமிச்சைத் தோலும் சாம்பலுமாக லேசாக இருக்கும். கலத்தின் வடிவமும், ஆவிக்கும் செம்புக்கும் எவ்வளவு உரசல் கிடைக்கிறது என்பதும் செய்கிற வேலை இது.

பீட்டும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஆர்க்னி தீவில் மரங்கள் அரிது, அங்கே பீட்டில் ஹெதர் என்ற புதர்ச்செடி நிறைய மக்கியிருக்கும். அந்த ஊர் ஹைலேண்ட் பார்க் 12இல் புகை வாசனை மருந்தாக இல்லாமல் பூவும் தேனும் கலந்து வரும். ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) இருந்த பீப்பாயின் உலர்பழ இனிப்பும் கூடவே இருக்கும். உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்தது ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10. இது 45.8 சதவீதம், புகை நடுத்தரம், கடைசியில் மிளகுக் காரம் ஒன்று நாக்கில் நிற்கும். மிளகு ரசம் பிடிக்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் பிடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், காரணம் கேட்காதீர்கள். இவை இரண்டும் சரிப்பட்டால் கல் ஈலா 12. ப்ளாக் லேபிளில் தூரத்தில் கேட்கும் குரலை அங்கே பக்கத்தில் நின்று கேட்கலாம். லாகவூலின் 16 அதற்குப் பிறகு. ஆர்ட்பெக் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

வட்டாரத்தை வைத்துச் சுவை சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஐலா என்றால் புகை, ஸ்பேசைட் என்றால் பழம், லோலேண்ட் என்றால் லேசு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். ஆரம்பத்தில் ஓரளவு உதவும், அப்புறம் காலை வாரும். ஐலாவிலேயே இருக்கும் புன்னஹாவன் 12 பெரும்பாலும் புகையே இல்லாத, ஷெர்ரி இனிப்புள்ள விஸ்கி. ப்ரூக்லாடியும் தன் சொந்தப் பெயரில் புகையில்லாததைத்தான் செய்கிறது. போர்ட் ஷார்லட், ஆக்டமோர் என்ற பெயர்களில் அதே இடத்திலிருந்து கடும்புகை வருகிறது. கேம்பல்டவுனில் ஸ்பிரிங்பேங்க் இன்னும் வேடிக்கை. ஒரே கூரைக்கடியில் மூன்று: ஹேசல்பர்ன் புகையில்லாமல் மூன்று முறை வடித்தது, லாங்ரோ கடும்புகையோடு இரண்டு முறை வடித்தது, ஸ்பிரிங்பேங்க் லேசான புகையோடு, அவர்கள் கணக்கில் இரண்டரை முறை வடித்தது. மண்ணும் தண்ணீரும் காற்றும் ஒன்றுதான், விஸ்கி மூன்றும் மூன்று தினுசு. சட்டத்தில் ஐந்து வட்டாரங்கள் உண்டு, ஆனால் அந்தப் பெயர்கள் எங்கே செய்தார்கள் என்பதற்கான உத்தரவாதம் மட்டுமே. ஆகவே கடைக்காரரிடம் "ஸ்பேசைட் ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பதைவிட "புகை இருக்கிறதா, எந்தப் பீப்பாய்" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லாத கடையில் விலை உயர்ந்த பாட்டில் வாங்க வேண்டாம்.

சரி, பீப்பாய். ஸ்காட்ச் மால்ட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வரும் பழைய பர்பன் (அந்நாட்டு விஸ்கி) பீப்பாய்களில் வளர்பவை. அமெரிக்கச் சட்டப்படி பர்பனைப் புதிய, உள்ளே கரித்த ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதை அவர்கள் விற்றுவிடுகிறார்கள், ஸ்காட்லாந்துக்கு மலிவாகக் கிடைக்கிறது. அமெரிக்க ஓக் வெனிலாவையும் தேங்காய் வாசனையையும் தரும். வெனிலின், லாக்டோன் என்ற இரண்டும் மரத்திலேயே இருக்கின்றன, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இன்னொரு வகை, ஸ்பெயினின் ஷெர்ரி ஒயினை ஊறவைத்த பீப்பாய். அதிலும் ஐரோப்பிய ஓக் என்றால் கிராம்பு, உலர்திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் துவர்ப்பு. முன்பு ஷெர்ரியே பீப்பாயில் பிரிட்டனுக்கு வந்து, காலியானதை விஸ்கிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வரத்து நின்றது. இன்றைக்கு விஸ்கிக்காகவே பீப்பாய் செய்து, சில காலம் ஷெர்ரியை ஊற்றிப் பதப்படுத்தி அனுப்புகிறார்கள். பழைய ஷெர்ரி பீப்பாய் விஸ்கி மாதிரி இப்போது வருவதில்லை என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கக் காரணம் இதுதான், மீதி ஏக்கம்.

உங்களுக்கு எந்தப் பக்கம் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க விஸ்கியே வேண்டாம். இனிப்பில் உங்கள் கை எதன்மேல் போகிறது என்று யோசியுங்கள். வெனிலா ஐஸ்கிரீம், தேங்காய் பர்ஃபி, பால்கோவா என்றால் பெரும்பாலும் பர்பன் பீப்பாயில் வளர்ந்தவை: க்ளென்மோரஞ்சியின் அடிப்படை வகை, க்ளென்லிவெட் 12, தேன் இனிப்புக்கு டால்வின்னி 15. ப்ளம் கேக், பேரீச்சை, கருப்பட்டி என்றால் ஷெர்ரி: க்ளென்ட்ரோனக் 12, க்ளென்ஃபார்க்ளஸ் 15, அதிக வீரியம் தாங்குமென்றால் அபெர்லவர் அபுனா. முடிவெடுக்க முடியவில்லையா, பால்வெனி டபுள்வுட் 12 இரண்டு வகைப் பீப்பாயிலும் இருந்தது. முதலில் பழைய பர்பன் வகையில் வளர்ந்து, கடைசி மாதங்களில் ஷெர்ரிக்கு மாற்றப்பட்டது. ஒரு எச்சரிக்கை. ஷெர்ரி பீப்பாய்களைக் கெடாமல் கொண்டுவர உள்ளே கந்தகத் திரி கொளுத்தும் வழக்கம் இருந்தது. சில பாட்டில்களில் அணைந்த தீக்குச்சி வாடை வரும். அது சிலருக்குத் துளிகூடத் தெரியாது, சிலரால் கிளாஸையே கிட்டே கொண்டுபோக முடியாது. இப்படி அமைந்தால் அந்த பாட்டிலோடு விட்டுவிடுங்கள், வகையையே ஒதுக்காதீர்கள்.

இந்த இடத்தில் நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். "சுவையில் 70 சதவீதம் பீப்பாய்" என்று விற்பனையாளர்கள் ஒரு எண்ணை அடித்துச் சொல்வார்கள். 60, 80 என்றும் கேட்டிருக்கிறேன். சுவையை அப்படிச் சதவீதமாக அளக்க வழியில்லை, பீப்பாய் மிக முக்கியம் என்பது மட்டும்தான் உறுதி. கடலோரக் கிடங்கில் கிடந்ததால் உப்புச்சுவை ஏறியது என்ற கதை அழகானது, நம்பக் கடினமானது. கடலோரப் பெயர்கொண்ட பல விஸ்கிகள் வளர்வது கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் கிடங்குகளில். நாம் உப்பு என்று உணர்வது வேறு சேர்மங்களின் விளைவாக இருக்கலாம். மலைச் சுனைத் தண்ணீரின் மகிமையையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நொதிக்கவும் குளிர்விக்கவும் தண்ணீர் அவசியம், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்குச் சுவையில் அதன் பங்கு இருப்பதாக யாரும் காட்டவில்லை.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது வடித்த சரக்கின் கனம். பீப்பாய்க்குள் போவதற்கு முன்பே சில விஸ்கிகள் லேசு, சில அடர்த்தி. க்ளென்மோரஞ்சியின் கலங்கள் ஸ்காட்லாந்திலேயே உயரமானவை, கழுத்து மட்டும் 5 மீட்டருக்கு மேல். கனமான ஆவி மேலே ஏறமுடியாமல் திரும்ப விழுந்துவிடும், லேசானது மட்டும் தாண்டும். மக்காலனின் கலங்கள் குட்டையானவை, சரக்கு எண்ணெய்ப் பசையோடு வரும். ஆக்கன்டாஷன் மூன்று முறை வடிக்கிறது, இன்னும் மென்மை. மறுமுனையில் மோர்ட்லாக், கிட்டத்தட்ட இறைச்சி வேகவைத்த சாறு போல. க்ளைன்லீஷ் 14இல் நாக்கில் மெழுகு தடவியது போல ஒரு வழவழப்பு வரும். அது தொட்டிகளில் படியும் கசடிலிருந்து வருவது. ஒருமுறை சுத்தமாகக் கழுவியபோது அந்தக் குணமே காணாமல் போய், அப்புறம் கசடு திரும்பச் சேர விட்டார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் தொடக்கக்காரருக்கு நான் அதைத் தருவதில்லை. கனம் பழகிப்பிடிக்கும் விஷயம். முதல் சில பாட்டில்களுக்குப் புகையும் பீப்பாயும் மட்டும் போதும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. லேபிளில் 12 என்றால் உள்ளே இருப்பதில் மிக இளையது 12 வருடம். வயது கூடினால் சுவை கூடும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. மரத்தின் சுவை கூடும், புகை மங்கும், விலை நிச்சயமாகக் கூடும். 10லிருந்து 18 வயதுக்குள் கிடைப்பவையே முதல் இரண்டு வருடத்துக்குத் தாராளமாகப் போதும். நிறத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். கேரமல் நிறம் சேர்ப்பதை விதிகள் அனுமதிக்கின்றன, ஜெர்மனியில் விற்கும் பாட்டில்களில் அதை லேபிளில் எழுதியே ஆகவேண்டும். லேபிளில் நான் முதலில் தேடுவது ஆல்கஹால் சதவீதம். 46 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் குளிரவைத்து வடிகட்டாதது (கலங்கல் வராமலிருக்கச் செய்யும் வடிகட்டல் அது), வாயில் கொஞ்சம் கூடுதல் சதைப்பற்று இருக்கும். குளிர்வடிகட்டலால் சுவை உண்மையிலேயே குறைகிறதா என்பதில் தொழிலுக்குள்ளேயே சண்டை உண்டு. கண்ணை மூடிக் குடித்தால் கண்டுபிடிக்க முடியாது என்கிற தேர்ந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

இனி குடித்துப் பார்க்கும் முறை. ஒன்றை மட்டும் தனியாக ருசித்தால் "நன்றாக இருக்கிறது, இல்லை" என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. முக்கியமாக ஒரே ஒரு அம்சத்தில் வேறுபடும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். க்ளென்லிவெட் 12உம் க்ளென்ட்ரோனக் 12உம் வைத்தால் பீப்பாயின் வேலை தெரியும். க்ளென்லிவெட்டையும் கல் ஈலாவையும் வைத்தால் புகை மட்டும் தனியாகத் தெரியும். பிரிட்டனில் பார்களின் அளவு 25 அல்லது 35 மில்லி, 5 சென்டிலிட்டர் குட்டி பாட்டில்களும் கிடைக்கின்றன. முழு பாட்டிலுக்கு முன் இவை. இரண்டு, மிஞ்சினால் மூன்று, அதற்கு மேல் மூக்கு மரத்துப்போய்விடும், தலையும் சும்மா இருக்காது. வாய் குறுகிய கிளாஸ் நல்லது. முதலில் முகருங்கள், அப்புறம் சில துளி தண்ணீர் விட்டுத் திரும்ப முகருங்கள். தண்ணீர் விட்டால் வாசனை ஏன் திறக்கிறது என்று 2017இல் ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு வேதியியலாளர்கள் கணினி மாதிரியாக்கத்தில் பார்த்தார்கள். ஆல்கஹால் குறையும்போது குவையகால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு வருவதாகத் தெரிந்தது. அது கணினியில், மூன்றே மூன்று பொருட்களை வைத்துச் செய்தது, நிஜ விஸ்கி இன்னும் சிக்கலானது. ஆனாலும் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. ஐஸ் வாசனையை அமுக்கும், ருசி பார்க்கும்போது வேண்டாம். மற்ற நாளில், அதுவும் வெயில் காலத்தில், உங்கள் இஷ்டம். அலமாரியில் நிற்கும் லஃப்ராய்க்கைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். ப்ளாக் லேபிள் ஒரு பெக்கில் அதை ஒரு டீஸ்பூன் விட்டுப் பாருங்கள். உங்கள் புகை எல்லை எது என்று கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

என் ஆலோசனைக்கும் எல்லை உண்டு. வாசனை உணர்வு ஆளுக்கு ஆள் பெரிய அளவில் மாறும். நான் பழம் என்று சொல்வது உங்களுக்கு நகப்பூச்சாக மணக்கலாம். இரண்டுக்கும் பின்னால் எஸ்டர்கள்தான் என்பதால் யார் சொல்வதும் தவறில்லை. கடும்புகை நடுவே பல வருடம் நின்றதில் "லேசான புகை" பற்றிய என் அளவுகோலும் நம்பத்தக்கதல்ல. நான் லேசு என்றால் நீங்கள் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே பெயரிலேயே வருடத்துக்கு வருடம் கலவை மாறுவதும் உண்டு.

மறுபடி விமான நிலையத்தில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். ஒரே வகையில் இரண்டு எடுக்காமல் ஹைலேண்ட் பார்க் 12 ஒன்று, க்ளென்ட்ரோனக் 12 ஒன்று என்று எடுத்தால் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, அங்கே மட்டுமே கிடைக்கும் சிறப்புப் பதிப்புகளின் பளபளப்பான பெட்டிகளைத் தாண்டிப் போங்கள். அவற்றில் பல வயது போடாதவை, வெளியே ருசி பார்க்க வாய்ப்பும் இல்லை. வயது போட்ட, எல்லா ஊரிலும் கிடைக்கும் வழக்கமான வகையையே எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒயின் மாதிரிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். படுக்க வைத்தால் வீரியமான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.